"நீங்க உட்காருங்க" என்று சொல்லும்போது: ராமநாதபுரம் கரையோரத்துப் பெரியவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

இந்த வருஷம் படகை விட்டு இறங்கியவர்கள், அரசு வேலையில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள், சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருபது முப்பது வருஷம் உழைத்துவிட்டுக் கீழக்கரைக்கும் தொண்டிக்கும் வந்து சேர்ந்தவர்கள்: உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 67 வயது. மண்டபம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். ஓய்வு பெற்ற முதல் வருஷம் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று பிறகு நினைத்தவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் இருக்கும். விடிந்த பிறகும் படுத்திருக்கலாம், டீக்கடையில் பேப்பர் முழுதையும் படிக்கலாம். அப்புறம் ஒரு நாள் தேங்காய் உரிக்கக் குனிவீர்கள். மருமகள் ஓடிவந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். "நீங்க உட்காருங்க மாமா." அன்பாகத்தான் சொல்கிறாள். அடுத்த வாரம் மகன், "சைக்கிள் எதுக்குப்பா, நான் வாங்கிட்டு வரேன்" என்பான். அதுவும் அன்புதான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நாற்காலி, டிவி, மாத்திரை டப்பா மூன்றும்தான் நம்மிடம் மிச்சம் இருக்கும். மரியாதை இல்லாமல் ஒதுக்குகிறவரிடம் கோபப்படலாம். அன்பால் உட்கார வைக்கிறவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் நம்மில் பலர் உட்கார்ந்துவிடுகிறோம்.

வயதை மட்டும் வைத்து ஒருவரைக் குறைத்து எடைபோடுவதற்கு 1969-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 'ஏஜிசம்' என்று பெயர் வைத்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியவர்களைப் பற்றி இப்படிப்பட்ட எண்ணம் இருக்கிறது என்கிறது. அந்த இரண்டில் ஒருவரில் நாமும் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். 'காடு வா வாங்குது, வீடு போ போங்குது' என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்கிறோம். 'வயசான காலத்துல சிவனேன்னு கிடக்காம' என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறோம். பேய்க்கரும்பில் கலாம் ஐயா நினைவிடத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். 83 வயதில், ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தவர் அவர். அவரைப் பெருமையாகச் சொல்லும் அதே வாயால், வலைக்கூடத்தில் வேலை கேட்டு வரும் 70 வயதுக்காரரை 'பெருசுக்கு எதுக்கு இந்த வேலை' என்கிறோம்.

இந்த எண்ணம் உடம்பையும் தொடும். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் 50 வயது கடந்த 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் கிடைத்த முடிவு அது. தங்கள் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள்.

சரி, செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம்.

முதல் வாரம்: ஒரு நோட்டு, இரண்டு பத்தி

பத்து ரூபாய்க்கு எழுதும் நோட்டு ஒன்று வாங்குங்கள். நடுவில் கோடு போடுங்கள். கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் நிறுத்திவிட்ட வேலைகளை எல்லாம் எழுத வேண்டும். உடம்பு முடியாமல் நிறுத்தியது இடது பக்கம். யாரோ சொன்னதால், அல்லது 'நமக்கெதுக்கு' என்று நாமே நினைத்ததால் நிறுத்தியது வலது பக்கம். எழுதப் பழக்கம் இல்லாதவர்கள் பேத்தியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

என் நோட்டில் இடது பக்கம் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ராத்திரியில் மொபெட் ஓட்டுவது (எதிர் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது). வலது பக்கம் எட்டு வரி. சைக்கிள், உச்சிப்புளிக்குக் காய்கறி வாங்கப் போவது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது, ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுவது என்று போனது. அந்த எட்டைப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது. நீங்கள் எழுதும்போதும் கனக்கலாம். எழுதி முடியுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உடம்பை அளந்து பாருங்கள்

முடியும், முடியாது என்பதை ஊகத்தில் விட வேண்டாம். கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயது வரை ஆண்கள் 12-க்குக் கீழும் பெண்கள் 11-க்குக் கீழும் இருந்தால் கால் வலு குறைவு, விழும் வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்கு வைத்திருக்கிறது. 70 முதல் 74 வரை ஆண்களுக்கு அதே 12, பெண்களுக்கு 10. அடுத்து, ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் நின்று, தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளும்படி, ஒற்றைக் காலில் பத்து வினாடி நின்று பாருங்கள். இரண்டையும் செய்யும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எண்களைத் தேதியோடு நோட்டில் குறியுங்கள்.

நெஞ்சுவலி, நடந்தால் மூச்சு வாங்குவது, எழுந்ததும் தலைசுற்றல், போன ஒரு வருஷத்தில் எங்காவது விழுந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையால்கூட எழுந்ததும் கிறுகிறுப்பு வரும். மருத்துவர் அளவை மாற்றினால் சரியாகலாம், 'வயசு' என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, தேவையானவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

கண்ணையும் காதையும் தள்ளிப்போடாதீர்கள். காதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். காது மந்தமானவரை ஊர் மறதிக்காரர் என்று முடிவு கட்டிவிடும். சொன்னது கேட்காமல் அவர் வேறு பதில் சொல்வார், 'பெருசுக்குக் குழம்பிடுச்சு' என்பார்கள், அவர் பேசுவதையே குறைத்துக்கொள்வார். கவனிக்காத காதுக் குறை மறதிநோய்க்குத் தடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. மூக்குக்கண்ணாடி போடுகிறோம், காதுக்கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

காற்றைப் பார்த்து நடங்கள்

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 30 நிமிடமாக ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். பழக்கமில்லாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

எங்கே நடப்பது? நம் ஊருக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, நாம் பெண்கடல் என்கிறோம். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வாடை வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகரையில் அலையும் குளிர்காற்றும் முகத்தில் அடிக்கும். அப்போது தென்கரை அமைதியாக இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் வைகாசி முதல் ஆவணி வரை தென்கரையில் மணல் பறக்கும். அப்போது வடகரைக்குப் போங்கள். கடலுக்குப் போனவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள், பக்கத்து வீட்டு மீனவரிடம் 'இன்னைக்கு எந்தக் கரை நல்லாயிருக்கும்' என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்படிக் கேட்கப் போய்த்தான் எனக்கு இரண்டு நடைக் கூட்டாளிகள் கிடைத்தார்கள்.

உலர்ந்த மணலில் கால் புதையும். தார்ச்சாலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு வாங்கும். முதல் மாதம் தண்ணீர் ஓரம் இறுகிக் கிடக்கும் ஈர மணலில் நடங்கள். கரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். அதனால் எவ்வளவு தூரம் போனீர்களோ அதே வழியில் திரும்புங்கள், இடுப்பு இரண்டு பக்கமும் சமமாக உழைக்கும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. கிளிஞ்சல், கெளுத்தி முள், அறுந்து கிடக்கும் தூண்டில், எது குத்தினாலும் மரத்த காலுக்குத் தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதங்களின் அடியையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பாம்பன் சாலைப் பாலத்தில் மட்டும் நடைப்பயிற்சி வேண்டாம், அங்கே காற்றும் வண்டியும் அதிகம்.

கோடையில் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. வயது ஏற ஏறத் தாகம் எடுப்பதும் குறைந்துவிடும். அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் கிளம்பும் முன் ஒரு சொம்பு தண்ணீர், வந்ததும் ஒரு சொம்பு நீராகாரம். நீரைக் குறைக்கச் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவிலேயே நிற்க வேண்டும்.

தசைக்கும் வேலை கொடுங்கள்

நடை மட்டும் போதாது. அறுபதுக்கு மேல் தசை வேகமாகக் கரைகிறது. கழிப்பறையில் எழ முடியாமல் போவதும் வாசற்படியில் தடுமாறுவதும் அதனால்தான். வாரம் இரண்டு மூன்று நாள், நாற்காலியில் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை. கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. அவ்வளவுதான். வலு ஏறியதும் கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்கு நடந்து போய் நின்று, குனிந்து, தரையில் அமர்ந்து எழுந்து தொழுகிறவர்களுக்கு இந்தப் பயிற்சியில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. முடிகிறவரை அதை நாற்காலிக்கு மாற்றாதீர்கள்.

'இனிமே என்ன தசை வளரப் போகுது' என்பவர்களுக்கு: 1990-ல் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை வைத்துக் கால் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

பயிற்சியோடு சாப்பாட்டில் புரதம் வேண்டும். நம் வீடுகளில் மீன் துண்டைப் பேரனுக்கு வைத்துவிட்டு, அப்பத்தா வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவாள். இந்தப் பழக்கத்தை விட வேண்டும். சாளை, நெத்திலி போதும், விலை மீன் தேவையில்லை. கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர்கள் தினமும் தொடக் கூடாது.

வேலையை முழுசாக விட்டுவிடாதீர்கள்

எனக்கு இதுதான் முக்கியம். நடையும் பயிற்சியும் நம்மைத் தெம்பாக வைத்திருக்கும், ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணத்தைத் தருவது வேலைதான்.

ஒரு வேலையை விடுகிறோம் என்றால் அதை மொத்தமாகத்தான் விட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். மீன்பிடி என்பது ஒரே வேலையா? அலையில் நின்று வலை இழுப்பது அதில் ஒரு துண்டு. வலை பின்னுவது, கிழிசல் அடைப்பது, ஐஸ் கணக்கு, டீசல் கணக்கு, சங்காயம் (கழிவு மீன்) பிரிப்பது, ஏலத்தில் நிற்பது, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து இன்றைக்குப் போகலாமா என்று சொல்வது என்று இன்னும் பத்துத் துண்டு இருக்கிறது. முதுகு முதல் துண்டுக்குத்தான் மறுக்கிறது. மற்ற பத்தில் மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் உங்கள் தொழிலை இப்படித் துண்டுதுண்டாக எழுதி, முடிவதை வட்டமிட்டு, மகனிடமோ படகு முதலாளியான சம்மாட்டியிடமோ போய் 'இந்த மூன்றும் என் பொறுப்பு' என்று கேளுங்கள். 'ஏதாவது வேலை இருந்தா சொல்லு' என்று பொதுவாகக் கேட்டால் 'நீங்க உட்காருங்க' என்றுதான் பதில் வரும்.

இதைத் தொடங்க நல்ல காலம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், பையன்களும் கரையில் இருப்பார்கள், வலை வேலை குவிந்திருக்கும். அந்த 61 நாளில் நான்கு பையன்களுக்கு வலை ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்பதை உங்கள் குரலிலேயே செல்போனில் பதிவு செய்து வையுங்கள். ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும். அந்த இடத்துக்கு எப்போது போகக் கூடாது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பாம்பனில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி கடலோர மக்களுக்காகவே நடக்கிறது. கடலைப் பற்றிச் சொல்ல உங்களிடம் விஷயம் இருந்தால் அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்.

கூலியையும் கேளுங்கள். வயதானவர் வேலை செய்தால் 'பொழுதுபோக்குக்குச் செய்றார்' என்று சும்மா வாங்கிக்கொள்கிறார்கள். மற்றவருக்கு வலை பின்னிக் கொடுத்தால் இளைஞனுக்கு என்ன கூலியோ அதேதான் உங்களுக்கும். வேகம் குறைவு என்று சொன்னால் நாள் கூலிக்குப் பதில் வேலைக் கணக்கில் பேசுங்கள். புது இடத்தில் வேலை கேட்கப் போய் வயதைச் சொல்லித் தயங்கினார்கள் என்றால், 'ஒரு வாரம் பார்க்கிறேன், வேலையைப் பார்த்துட்டு முடிவு சொல்லுங்க' என்று கேளுங்கள். இதற்கு ஒப்புக்கொள்கிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

கடலுக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்கும் இதே வழிதான். அலுவலகத்தில் இருந்தவர்கள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம், தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுக்கலாம். கடை வைத்திருந்தவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காரலாம். பனையோலை தெரிந்தவர்கள் கொட்டானும் பெட்டியும் முடைந்து, கூடவே இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பழக்கிவிடலாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு ஓய்வு என்ற நாளே வருவதில்லை. பாம்பன் சின்னப்பாலம் பக்கம், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களில் அறுபதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'சுறுசுறுப்பாக இருங்கள்' என்று சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது. வேறு வழியில்லாமல் உழைப்பவர்களுக்கு வேண்டியது ஓய்வும் உதவித்தொகையும். வீட்டில் இருக்கும் அம்மாச்சிமார்களுக்கோ பேரப்பிள்ளை பார்ப்பதிலேயே நாள் போய்விடுகிறது. அவர்களுக்கான முதல் படி, தினமும் ஒரு மணி நேரம் 'இது என் நேரம்' என்று வீட்டில் சொல்லிவிடுவது. வாசலைத் தாண்டி, நாலு பெண்களோடு, கடல் வரைக்கும் ஒரு நடை. அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை அம்மாச்சி பார்ப்பாள் என்று யாரும் எண்ணக் கூடாது.

சொல்லிப் பழக வேண்டிய பதில்கள்

மருமகள் கையிலிருந்து வேலையை வாங்கினால் கோபம் வேண்டாம். "இதை நான் பண்றேம்மா, கனமான அந்தச் சாக்கை மட்டும் நீ நகர்த்திக் கொடு" என்று சொல்லுங்கள். உதவி எதில் வேண்டும் என்று நாமே சொல்லிவிட்டால் மிச்ச வேலை நம் கையில் தங்கிவிடும். மகன் வண்டி ஓட்ட வேண்டாம் என்றால், "ராத்திரி ஓட்டல, பகல்ல ஓட்டுறேன்" என்று எல்லையை நீங்களே வையுங்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கும், விழுந்தால் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தானே.

மருத்துவமனையில் வேறு மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன் முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அப்பாவுக்கு எத்தனை நாளா வலி?" என்று மகனிடம் கேட்டார். கடைசியில், "இந்த வயசுல இருக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். முப்பது வருஷம் வகுப்பில் பேசிய நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. அது பல நாள் உறுத்தியது. அடுத்த முறை வேறு இடத்துக்கு, மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன்: இது எதனால் வருகிறது? மாத்திரை தவிர என்ன பயிற்சி செய்யலாம்? எப்போது திரும்ப வர வேண்டும்? உள்ளே போனதும், "வலி எனக்குத்தான் டாக்டர், நானே சொல்றேன்" என்று தொடங்கினேன். தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மாடிப்படி ஏற முடிந்தது. மகனைக் கூட்டிப் போங்கள், பேசுவது மட்டும் நீங்களாக இருங்கள்.

வங்கியிலும் அப்படித்தான். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் பேரனிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாமல், அவனை நான்கு நாள் பக்கத்தில் நிற்க வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். செல்போனும் அதே போல: ஒரு நாளைக்கு ஒரு விஷயம், நோட்டில் உங்கள் எழுத்தில்.

காகித வேலை

சுருக்கமாக: ஆதரவற்றவர்களுக்கான மாநில முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது, தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் அட்டை உண்டு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வீட்டில் கொடுமை, கைவிடல், அல்லது எங்கே போய்க் கேட்பது என்று தெரியாத குழப்பம் எதுவானாலும் 14567 என்ற இலவச எண்ணுக்குக் காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு கோட்டங்கள். வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதுவதாக இருந்தால், 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால், பராமரிக்காதபோது பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளைகள் மேல் நம்பிக்கை இருக்கிறதே என்று சங்கடப்படாதீர்கள், நம்பிக்கை இருக்கும்போதுதான் இதைச் சுலபமாக எழுத முடியும்.

ஒரு மாதம் கழித்து

அந்த நாற்காலியை மறுபடி சுவரோடு போட்டு எண்ணுங்கள். இரண்டு கூடியிருந்தாலே நல்ல முன்னேற்றம். கூடவில்லை என்றால் பயிற்சி நாட்களைப் பாருங்கள், அநேகமாக விட்டுவிட்ட நாட்கள் அதிகமாக இருக்கும். பிறகு நோட்டைத் திறந்து வலது பத்தியில் ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மீட்கப் பார்த்தால் வீட்டில் சண்டைதான் வரும். சிறிய வேலை, பகலில் செய்யக்கூடியது, செய்து முடித்தால் வீட்டுக்கும் கொஞ்சம் உதவியாக இருப்பது, அப்படி ஒன்றாக இருக்கட்டும்.

நான் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வாரம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை, மகன் பின்னாலேயே பைக்கில் வந்தான். இரண்டாம் வாரம் ரயில்வே கேட் வரை. இப்போது செவ்வாயும் சனியும் உச்சிப்புளி போய்க் காய்கறி வாங்கி வருவது என் வேலை. நேற்று முன்சக்கரத்துக்குப் புது பிரேக் கட்டை மாற்றினேன். இந்தச் சனிக்கிழமை முருங்கைக்காய் மறக்காமல் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள் மருமகள்.